வலைச்செயலியில் தேடல் எண்ட்பாயிண்ட் சேர்ப்பது: கேள்விக்குறிக்குப் பிறகு வருவதை என்ன செய்வது?

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலைச்செயலி இருக்கிறது, டேட்டாபேஸ் இருக்கிறது, பட்டியலைக் காட்டும் பக்கமும் இருக்கிறது. இப்போது மொபைல் ஆப் எழுதுபவரோ இன்னொரு குழுவோ வந்து, இந்தத் தரவைத் தேடி வடிகட்டி ஜேசனாகக் (நிரல்கள் படிக்கும் எளிய உரை வடிவம்) கொடுங்கள் என்று கேட்கிறார்கள், அதாவது அவர்களுடைய நிரல் அழைக்க ஒரு முகவரி, ஒரு எண்ட்பாயிண்ட் வேண்டும். முகவரியைக் குறிக்கும் ரூட் ஒன்று, அதற்குப் பதில் தரும் ஹேண்ட்லர் ஒன்று, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியாக ஒரு குவெரி, அவ்வளவுதான், சீக்கிரம் முடித்துவிடலாம், முடித்ததும் வேலையும் செய்யும். அப்படி அவசரமாக முடித்த எண்ட்பாயிண்ட்தான் பிறகு மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் ஒவ்வொரு எழுத்தும் நமக்குத் தெரியாத யாரோ எழுதி அனுப்புவது. அதில் பிழை இருந்தால் எண்ட்பாயிண்ட் உடனே, தெளிவாக, எந்த இடத்தில் பிழை என்று சொல்ல வேண்டும். தவறான கேள்விக்கு 200 (எல்லாம் சரி என்ற எச்டிடிபி நிலை எண்) போட்டு ஏதோ ஒரு பதிலை அனுப்பி வைப்பதைவிட மோசமான பழக்கம் இந்த வேலையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதைத் தவிர்ப்பது எப்படி என்பதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலகச் செயலியை வைத்துக்கொள்வோம். நூல்கள் என்று ஓர் அட்டவணை, அதில் ஐடி, தலைப்பு, ஆசிரியர், மொழி, ஆண்டு, சேர்த்த நேரம், எந்த நூலகத்துடையது என்ற நூலகம்_ஐடி, நீக்கியதா என்ற குறி. முகவரிகளையும் நிரல் துண்டுகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், உங்கள் திட்டத்தில் என்ன பெயர்கள் இருக்கின்றனவோ அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது இப்படி ஒரு முகவரி (ஆண்டின் முன்னால் இருக்கும் கழித்தல் குறி இறங்கு வரிசை, அளவு என்பது ஒரு பக்கத்துக்கு எத்தனை நூல்):

/ஏபிஐ/நூல்கள்?தேடு=கடல்&மொழி=தமிழ்&ஆண்டு_முதல்=1990&வரிசை=-ஆண்டு&அளவு=20

எடிட்டரைத் திறப்பதற்கு முன்

ஒரு காகிதத்திலோ ரீட்மீ ஃபைலிலோ, எந்தெந்த பாராமீட்டரை (கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பெயர்=மதிப்பு இணை) ஏற்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: அதன் வகை என்ன (எண்ணா, சொல்லா, தேதியா), எந்த வரம்புக்குள் இருக்கலாம், வராவிட்டால் என்ன, வெறுமையாக வந்தால் என்ன. கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. மொழி என்ற பாராமீட்டரே இல்லாமல் வருவதும், "மொழி=" என்று மதிப்பில்லாமல் வருவதும் வேறு வேறு. முதலாவது, எல்லா மொழியும் வேண்டும் என்று பொருள். இரண்டாவது பெரும்பாலும் அழைக்கும் பக்கத்தில் ஒரு வேரியபிள் காலியாக இருந்ததன் அடையாளம். அதையும் "எல்லா மொழியும்" என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கத்துப் பிழையை நாமே மூடி மறைக்கிறோம். 400 (கேள்வி தவறு என்ற நிலை எண்) அனுப்பிவிடுங்கள்.

அறியாத பாராமீட்டர் வந்தால்? பல ஃபிரேம்வொர்க்குகள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பலரும் அதுதான் நல்லது என்பார்கள். நான் மறுக்கிறேன். ஒருவர் "மொழி" என்பதற்குப் பதில் "மொழிகள்" என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். நாம் அதைக் கண்டுகொள்ளாவிட்டால் வடிகட்டாத முழுப் பட்டியலும் 200 என்ற முத்திரையோடு போகும். முதல் பக்கத்தில் தற்செயலாகத் தமிழ் நூல்களே இருந்தால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை, வேறு மொழி நூல்கள் எங்கோ ஓர் அறிக்கையில் கலந்த பிறகுதான் தெரியும். "மொழிகள் என்ற பாராமீட்டர் இல்லை, மொழி என்பதைச் சொல்கிறீர்களா?" என்று 400 அனுப்பினால் அரை நிமிடத்தில் திருத்திவிடுவார். ஒரு விதிவிலக்கு: சில பழைய கிளையண்ட்கள் (நம்மை அழைக்கும் நிரல்கள்) கேஷைத் (முன்பு வந்த பதிலின் சேமித்த நகல்) தவிர்ப்பதற்காக அடிக்கோட்டைப் பெயராகக் கொண்ட ஒரு பாராமீட்டரைத் தாமாகவே ஒட்டி அனுப்பும், கேஷ் வேண்டாம் என்று அமைத்தால் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி அப்படிச் செய்யும். உங்களிடம் அப்படி ஒரு கிளையண்ட் இருந்தால் அதை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் ஏபிஐயில் (பிற நிரல்கள் நம் செயலியை அழைக்கும் வழி) திடீரென்று இந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்தால் நேற்றுவரை ஓடியது இன்று உடையும். புதிய எண்ட்பாயிண்ட் என்றால் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருப்பது எளிது.

கெட்டா, போஸ்டா?

கெட், போஸ்ட் இரண்டும் சர்வரை அழைக்கும் எச்டிடிபி முறைகள்: கெட்டில் கேள்வி முகவரியிலேயே போகும், போஸ்டில் பாடி என்ற தனிப் பகுதியில் போகும். படிக்க மட்டும் செய்கிறீர்கள் என்றால் கெட்தான். எச்டிடிபியின் இப்போதைய விதிமுறையான ஆர்எஃப்சி 9110 (2022) கெட்டைப் பாதுகாப்பானது என்று வகைப்படுத்துகிறது, அதாவது அழைப்பதால் சர்வரில் எதுவும் மாறக் கூடாது. அந்த நம்பிக்கையில்தான் பிரவுசர் அதைத் தயங்காமல் மறுபடி அனுப்புகிறது, இடையில் இருக்கும் ப்ராக்ஸி கேஷ் செய்கிறது, தேடுபொறி ரோபோ போய்த் தட்டிப் பார்க்கிறது. ஆகவே "பார்த்ததாகக் குறி" போன்ற வேலைகளைத் தேடல் எண்ட்பாயிண்டுக்குள் நுழைக்காதீர்கள்.

நீளம் ஒரு நியாயமான கவலை. அதே ஆர்எஃப்சி, குறைந்தது 8000 பைட் நீள முகவரியை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்தால் இது தாராளம். தமிழில் அப்படியில்லை: யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8இல் 3 பைட், முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக மாறும், ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. "கடல்" என்ற சொல்லில் புள்ளியையும் சேர்த்து 4 குறியீடுகள், அது முகவரியில் 36 எழுத்தாகப் போகிறது. சாதாரணத் தேடலுக்கு இது பிரச்சினையே இல்லை. நூற்றுக்கணக்கான ஐடிகளையோ நீளமான பத்திகளையோ அனுப்ப வேண்டியிருந்தால்தான் போஸ்டில் ஒரு தனித் தேடல் எண்ட்பாயிண்ட் வைப்பது சரி. கெட்டிலேயே பாடி வைத்து அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கெட்டின் பாடிக்கு எச்டிடிபியில் வரையறுத்த பொருள் எதுவும் இல்லை, பிரவுசரின் ஃபெட்ச் (சர்வரை அழைக்கும் ஃபங்ஷன்) அப்படி அனுப்பவே விடாது.

பாராமீட்டரைப் படிப்பது

எல்லாம் சரமாகத்தான் (எழுத்துகளின் தொடர்) வரும் என்பது தெரிந்ததே. தெரியாமல் தடுக்கிவிழும் இடம், ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன என்பது. "மொழி=தமிழ்&மொழி=மலையாளம்" என்று அனுப்பிப் பாருங்கள். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கில் வழக்கம்போல எடுத்தால் முதலாவது கிடைக்கும். அதே மொழியின் ஜாங்கோவில் கடைசியாக வந்தது கிடைக்கும். பிஎச்பியிலும் கடைசி. ஜாவாஸ்கிரிப்டின் எக்ஸ்பிரஸில் இரண்டும் சேர்ந்த அர்ரே (பட்டியல்) வந்து நிற்கும், அதைச் சரம் என்று நம்பி எழுதிய நிரல் அங்கேயே விழும், அல்லது விழாமல் வேறு ஏதாவது செய்யும். ஒரே முகவரிக்கு நான்கு இடத்தில் மூன்று விதமான பதில். ஆகவே நீங்களே முடிவு செய்யுங்கள்: பல மதிப்பு ஏற்பதாக அறிவித்த பாராமீட்டருக்குப் பட்டியலாக எடுங்கள், மற்றதற்கு இரண்டாவது வந்தாலே 400.

எக்ஸ்பிரஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் விரிவான குவெரி பார்சர் (பாராமீட்டர்களைப் பிரித்துப் படிக்கும் பகுதி) இயங்கினால், சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பும் பாராமீட்டர் ஆப்ஜெக்டாகவே (பெயர்களும் மதிப்புகளும் கொண்ட தொகுப்பு) உள்ளே வரும். அதை அப்படியே மோங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்குக் கொடுத்தால், வெளியாள் ஒருவர் "இதற்குச் சமமில்லாத எல்லாம்" என்ற ஆபரேட்டரை முகவரி வழியாகவே உள்ளே செலுத்த முடியும். சரமா என்று சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எண்களில் மொழிக்கு மொழி வேறு வேடிக்கைகள். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட், "20கடல்" என்று கொடுத்தாலும் 20 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், காலிச் சரத்தை நம்பராக மாற்றச் சொன்னால் 0 வரும். பைத்தானின் இன்ட் எதிர்ப்பக்கம்: "1_000" என்பதை 1000 என்று ஏற்கும், தமிழ் எண்களில் "௨௦" என்று கொடுத்தால்கூட 20 என்று ஏற்கும். அது அழகுதான், ஆனால் அந்தச் சரத்தை வேறு எங்காவது எண்ணாக மாற்றாமலே அனுப்பினால் அங்கே உடையும். பேட்டர்ன் வைத்து "0 முதல் 9 வரை உள்ள இலக்கங்கள் மட்டும், அதிகபட்சம் இத்தனை" என்று முதலில் பார்த்துவிட்டு மாற்றுவதே நிம்மதி. பூலியனும் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு) அப்படித்தான். "இருப்பில்=பொய்" என்று வந்த சரம் காலியாக இல்லாததால் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உண்மை என்றே கணக்காகும். ஏற்கும் சொற்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவது எது வந்தாலும் மறுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற ஃபிரேம்வொர்க்கில் வகையை அறிவித்தாலே இந்தச் சோதனைகளில் பாதி தானாக நடந்து, வந்த மதிப்பு செல்லாது என்ற 422 போகும். அப்படி ஒரு வசதி இருந்தால் நீங்களாக எழுத வேண்டாம்.

தேதியும் நேரமும் தனிக்கதை. கேள்விக்குறிக்குப் பிறகு கூட்டல் குறி வந்தால் பெரும்பாலான பார்சர்கள் அதை இடைவெளியாக மாற்றிவிடும், எச்டிஎம்எல் ஃபார்ம் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. நேரத்தின் கடைசியில் "+05:30" என்று மண்டலத்தைப் போட்டு ஒருவர் என்கோட் செய்யாமல் (சதவீதக் குறி வடிவத்துக்கு மாற்றாமல்) அனுப்பினால் நம்மிடம் " 05:30" என்று வந்து சேரும். அதை ஊகித்துச் சரிசெய்யாதீர்கள், பிழைச் செய்தியில் "கூட்டல் குறியை என்கோட் செய்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேருங்கள், நிறையப் பேருக்கு உதவும். அப்புறம் வரம்பு. "சேர்த்தது_வரை=2024-05-31" என்று வந்ததை அப்படியே நேரத்தோடு ஒப்பிட்டால் அது 31ஆம் தேதி நள்ளிரவு 00:00 என்று ஆகி, அன்று முழுக்கச் சேர்த்த நூல்கள் எல்லாம் விடுபட்டுப்போகும். தேதி மட்டும் வந்தால் அடுத்த நாளைக் கணக்கிட்டு "அதற்கு முன்பு வரை" என்று ஒப்பிடுங்கள். எந்த நேர மண்டலத்து நள்ளிரவு என்பதையும் ஆவணத்தில் எழுதிவிடுங்கள்.

தேடுசொல்லைச் சீர்ப்படுத்துவது

இந்தப் பகுதியை ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடுவதில்லை, நமக்கு இது அன்றாடம். "கோபுரம்" என்று தேடுகிறார், அந்தத் தலைப்பில் நூல் இருக்கிறது, பதில் காலி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. காரணம், "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பிறகு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது க-வுக்குப் பிறகு ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு தனித்தனிக் குறியீடுகள். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது பொருந்தும். விசைப்பலகையைப் பொறுத்து, எங்கிருந்து காப்பி செய்தார்கள் என்பதைப் பொறுத்து, எது வேண்டுமானாலும் வரலாம். டேட்டாபேஸ் குறியீடு குறியீடாக ஒப்பிடும்போது அவை வெவ்வேறு சொற்கள்.

தீர்வு எளிது. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் வடிவம்) இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள். தேடுசொல் வந்தவுடன் ஒருமுறை, தரவைச் சேமிக்கும்போது ஒருமுறை. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலிலும், ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு சரத்திலும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) 13இலிருந்து டேட்டாபேஸிலேயே இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பழைய தரவை ஒரே ஒரு மைக்ரேஷனில் (டேட்டாபேஸை மாற்ற ஒருமுறை ஓடும் நிரல்) மாற்றிவிடலாம். தேடுசொல்லை மட்டும் மாற்றிவிட்டுத் தரவை விட்டுவிட்டால் நேற்றுவரை கிடைத்த சில நூல்கள் இன்று கிடைக்காமல் போகும், ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். கூடவே முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்குவது, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளை எடுப்பது, நீளத்துக்கு ஒரு உச்சவரம்பு. 100 எழுத்து தாராளம்.

குவெரியைக் கட்டுவது

வெளியிலிருந்து வந்த எதையும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) சரத்துக்குள் ஒட்டக் கூடாது, அங்கே "?" மட்டும் வைத்து மதிப்புகளைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நிபந்தனைகள் சில வரும் சில வராது என்ற நிலை வரும்போதுதான் கை தானாகச் சரங்களை ஒட்ட ஆரம்பிக்கிறது. இரண்டு பட்டியலை ஒன்றாக வளர்த்துக்கொண்டு போனால் அந்தத் தேவையே வராது:

நிபந்தனைகள் = ["நூலகம்_ஐடி = ?", "நீக்கியது = இல்லை"]
மதிப்புகள் = [பயனர்.நூலகம்_ஐடி]

மொழி வந்திருந்தால்:
    நிபந்தனைகளில் சேர் "மொழி = ?"
    மதிப்புகளில் சேர் மொழி

ஆண்டு_முதல் வந்திருந்தால்:
    நிபந்தனைகளில் சேர் "ஆண்டு >= ?"
    மதிப்புகளில் சேர் ஆண்டு_முதல்

முடிவில் நிபந்தனைகளை "அண்ட்" போட்டு இணை, மதிப்புகளை டேட்டாபேஸோடு பேசும் டிரைவரிடம் தனியே கொடு

முதல் இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். இந்தப் பயனர் எதைப் பார்க்கலாம் என்பது பட்டியலின் ஆரம்பத்திலேயே, எந்த பாராமீட்டரும் தொட முடியாத இடத்தில் இருக்கிறது. "நூலகம்" என்று ஒரு பாராமீட்டரை ஏற்று அதன்படி வடிகட்டிவிட்டு, அந்த நூலகம் இவருடையதுதானா என்று பார்க்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் ஓட்டை. ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடம் இந்த வகை ஓட்டைக்குத்தான். உள்நுழைந்த பயனரின் அடையாளத்திலிருந்து எடுங்கள், முகவரியிலிருந்து எடுக்காதீர்கள்.

வரிசைப்படுத்தும் நெடுவரிசையின் பெயரை "?" வைத்துக் கொடுக்க முடியாது, டேட்டாபேஸ் அதை நெடுவரிசையின் பெயராக எடுத்துக்கொள்ளாது. அதனால் பலர் அந்த ஒரு இடத்தில் மட்டும் சரத்தை ஒட்டிவிடுவார்கள், தாக்குபவர் நுழைவதற்கு அந்த ஒரு இடம் போதும். பதிலாக ஒரு சின்ன அகராதி வைத்துக்கொள்ளுங்கள்: வெளியில் "ஆண்டு" என்றால் உள்ளே இந்த நெடுவரிசை, "புதியது" என்றால் அந்த நெடுவரிசை. அகராதியில் இல்லாத எது வந்தாலும் 400, அந்தச் செய்தியிலேயே எவையெல்லாம் செல்லும் என்று பட்டியலிடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு, நாளைக்கு அட்டவணையில் நெடுவரிசையின் பெயர் மாறினாலும் வெளியில் இருப்பவர்களுக்கு எதுவும் மாறாது.

எஸ்க்யூஎல்லின் லைக் (பகுதிப் பொருத்தம்) வைத்துத் தேடினால் சதவீதக் குறியும் (எத்தனை எழுத்துக்கும் பொருந்தும்) அடிக்கோடும் (ஒரே எழுத்துக்குப் பொருந்தும்) சிறப்புப் பொருள் கொண்டவை என்பதை மறக்காதீர்கள். மதிப்பைத் தனியாகக் கொடுத்தாலும் இந்தப் பொருள் போகாது. ஒருவர் தேடுபெட்டியில் வெறும் "%" என்று போட்டால் எல்லா நூலும் வரும், "100%" என்று தேடினால் 1000 என்று தலைப்பில் உள்ளதும் வரும். அந்த இரண்டு குறிகளையும், எஸ்கேப் குறியையும் முதலில் எஸ்கேப் செய்துவிட்டுத்தான் (சாதாரண எழுத்தாகக் கொள்ளும்படி முன்னால் எஸ்கேப் குறி இட்டு) இரண்டு பக்கமும் உங்கள் சதவீதக் குறியைச் சேர்க்க வேண்டும்.

பக்கம் பக்கமாகக் கொடுப்பது

அளவு என்ற பாராமீட்டருக்கு உச்சவரம்பு இல்லாமல் வெளியிடவே கூடாது. அளவு=10000000 என்று ஒரே ஒரு அழைப்பு போதும், சர்வரின் நினைவகம் நிரம்பிவிடும். வராவிட்டால் 20, அதிகபட்சம் 100 என்பது பெரும்பாலான செயலிகளுக்குச் சரியாக இருக்கும். 500 என்று கேட்டால் பேசாமல் 100 கொடுப்பதா, மறுப்பதா என்ற கேள்விக்கு என் பதில் மேலே சொன்னதுதான். 500 கேட்டு 100 வந்தவர் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மறுங்கள்.

பக்க எண்ணை வைத்து ஆஃப்செட் (இத்தனை வரிசைகளை விட்டுவிட்டுத் தொடங்கு என்பது) போடுவது எழுத எளிது, ஆனால் இரண்டு குறை. 5000ஆவது பக்கத்தைக் கேட்டால் டேட்டாபேஸ் அதற்கு முந்தைய அத்தனை வரிசைகளையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் கொடுக்கும். இரண்டாவது, ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு புதிய நூல் சேர்ந்தால் எல்லாம் ஒரு இடம் கீழே நகர்ந்து, முதல் பக்கத்தின் கடைசி நூல் இரண்டாம் பக்கத்தின் முதலில் மறுபடி வரும். நூல் நீக்கப்பட்டால் எதிர்மாறு, ஒன்று யார் கண்ணிலும் படாமலே தாண்டிப்போகும். மனிதர் பார்க்கும் சின்னப் பட்டியலுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு நிரல் முழுப் பட்டியலையும் இழுத்துக்கொள்ளப் போகிறது என்றால் பொறுக்க முடியாது.

அங்கேதான் கர்சர். கடைசியாகக் கொடுத்த நூலின் மதிப்பை ஒரு அடையாளமாகக் கொடுத்து, அடுத்த முறை "இதற்குப் பிறகு" என்று கேட்க வைப்பது. சேர்த்த நேரத்தின்படி இறங்கு வரிசை என்றால் நிபந்தனை இப்படி ஆகும்:

(சேர்த்த_நேரம், ஐடி) < (?, ?)
வரிசை: சேர்த்த_நேரம் இறங்கு, ஐடி இறங்கு
எடு: அளவு + 1

ஐடி எதற்கு? மொத்தமாக இறக்குமதி செய்தபோது நூறு நூல்களுக்கு ஒரே நேரம் பதிவாகியிருக்கும். நேரத்தை மட்டும் வைத்து "இதற்கு முந்தையது" என்றால் பக்கத்தின் எல்லையில் இருக்கும் சில நூல்கள் தொலைந்துவிடும். ஐடி தனித்துவமானது என்பதால் சமநிலையை உடைக்கிறது. ஆஃப்செட் வைத்தாலும்கூட வரிசையின் கடைசியில் ஐடியைச் சேர்ப்பது அவசியம், இல்லாவிட்டால் சமமானவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் கொடுப்பதாக டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை. அளவு + 1 எடுப்பது, அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. 21 வந்தால் 20ஐக் கொடுத்துவிட்டு அடுத்த கர்சரையும் சேருங்கள், 20 அல்லது குறைவாக வந்தால் இதுதான் கடைசி. கர்சரைப் பேஸ்64 (தரவை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) போட்டு மூடி அனுப்புவது நல்லது, யாரும் உள்ளே பார்த்துத் தாமாகக் கட்ட ஆரம்பிக்காமல் இருக்க. அதற்குள்ளேயே எந்த வரிசைக்கு உரிய கர்சர் என்பதையும் எழுதிவிடுங்கள். ஆண்டு வரிசையில் வாங்கிய கர்சரைத் தலைப்பு வரிசையில் கொண்டுவந்தால் மறுக்க முடியும்.

மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கையை எல்லோரும் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸில் எண்ணிக்கை எடுக்க, பொருந்தும் வரிசைகளை நிஜமாகவே எண்ண வேண்டியிருக்கும், பெரிய அட்டவணையில் பக்கத்தைக் கொடுப்பதைவிட எண்ணுவதற்கே அதிக நேரம் போகும். கேட்டால் மட்டும் கொடுப்பதாகத் தனி பாராமீட்டர் வைத்துவிடுங்கள்.

பதிலின் வடிவம்

ஜேசனின் மேல்மட்டத்தில் அர்ரேயை வைக்காதீர்கள், ஆப்ஜெக்ட் வைத்து அதற்குள் "முடிவுகள்" என்று அர்ரேயை வையுங்கள். அடுத்த கர்சரை எங்கே வைப்பது என்ற கேள்வி நாளைக்கு வரும்போது இடம் இருக்கும். எதுவும் பொருந்தவில்லை என்றால் 200, உள்ளே காலி அர்ரே. 404 என்பது அந்த முகவரியே இல்லை என்று சொல்வது, இங்கே முகவரி இருக்கிறது, கேள்வியும் சரி, பதில்தான் காலி. ஐடி 2⁵³ஐத் தாண்டக்கூடும் என்றால் சரமாக அனுப்புங்கள், ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு மேல் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்காது.

அட்டவணையில் உள்ள எல்லா நெடுவரிசையையும் அப்படியே ஜேசனாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே போக வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்த வருடம் யாரோ அந்த அட்டவணையில் "உள்குறிப்பு" என்று ஒரு நெடுவரிசை சேர்ப்பார், அது கேட்காமலே வெளியே போய்விடும்.

பிழைக்கும் ஒரே வடிவம் இருக்கட்டும். ஆர்எஃப்சி 9457 (2023) இதற்கென்றே ஒரு ஜேசன் வடிவத்தைச் சொல்கிறது, புதிதாக ஒன்றை யோசிப்பதைவிட அதை எடுத்துக்கொள்ளலாம். அதில் எந்த பாராமீட்டர், என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தோம் என்ற மூன்றையும் சேருங்கள். ஐந்து பாராமீட்டரில் மூன்று தவறு என்றால் மூன்றையும் ஒரே பதிலில் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி அனுப்ப வைப்பது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவது. டேட்டாபேஸின் பிழைச் செய்தியை மட்டும் வெளியே விடாதீர்கள், அது லாகுக்கு (சர்வரின் பதிவேடு).

வேகம்

வடிகட்டும், வரிசைப்படுத்தும் நெடுவரிசைகளுக்கு இண்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகக் கண்டெடுக்க டேட்டாபேஸ் வைத்திருக்கும் குறிப்பு) வேண்டும், சமம் பார்க்கும் நெடுவரிசை முதலில், வரிசைப்படுத்துவது பிறகு. நம் எடுத்துக்காட்டில் நூலகம்_ஐடி, சேர்த்த_நேரம், ஐடி என்ற மூன்றும் அதே வரிசையில் ஒரு கூட்டு இண்டெக்ஸ். எல்லா பாராமீட்டர் சேர்க்கைக்கும் இண்டெக்ஸ் போட முடியாது, போடவும் வேண்டாம், அதிகம் வருவது எது என்று லாகைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சொல்லின் இரண்டு பக்கமும் சதவீதக் குறி வைத்த லைக்குக்குச் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது, முழு அட்டவணையும் படிக்கப்படும். சில ஆயிரம் வரிசைகளுக்கு அது போதும். லட்சங்களுக்குப் போனால் போஸ்ட்கிரெஸின் ட்ரைகிராம் (சொல்லை மூன்று மூன்று எழுத்தாகப் பிரிக்கும்) இண்டெக்ஸோ தனித் தேடல் இயந்திரமோ வேண்டியிருக்கும். எதை எடுத்தாலும் உங்கள் மொழித் தரவையே வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஆசிரியர் பெயரைக் காட்ட ஒவ்வொரு நூலுக்கும் ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிசைகளை நிரலின் ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் கருவி) தனித்தனியாக ஒரு குவெரி ஓட்டுகிறதா என்று லாகைத் திறந்து பாருங்கள். 20 நூலுக்கு 21 குவெரி ஓடினால் அட்டவணைகளை இணைக்கும் ஜாயினோ முன்கூட்டியே ஏற்றும் வசதியோ போட்டு ஒன்றாகவோ இரண்டாகவோ குறைக்கலாம்.

கேஷ் பற்றிச் சுருக்கமாக: பயனருக்குப் பயனர் பதில் மாறும் என்றால் பொதுக் கேஷில் சேமிக்கக் கூடாது என்று பதிலோடு போகும் கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் சொல்லியே ஆக வேண்டும். முகவரி முழுவதும் சர்வர் லாகிலும் பிரவுசர் வரலாற்றிலும் பதிவாகும் என்பதால் டோக்கன், கடவுச்சொல், தனிப்பட்ட அடையாள எண் எதையும் பாராமீட்டராக ஏற்காதீர்கள், அவை ஹெடரில் வரட்டும்.

சோதனை, வெளியீடு

சரியாக வரும் கேள்விக்கு டெஸ்ட் எழுதுவது எளிது, இரண்டு மூன்று போதும். நேரத்தைத் தவறான கேள்விகளில் செலவிடுங்கள். தேடுசொல்லாக ஒற்றை மேற்கோள் குறி, வெறும் சதவீதக் குறி, வெறும் இடைவெளி. "கோபுரம்" என்பதை இரண்டு குறியீட்டு வடிவத்திலும் அனுப்பி ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்பது. அளவு 0, அளவு -1, அளவு 101. ஒரே பாராமீட்டர் இருமுறை. அகராதியில் இல்லாத வரிசை. நடுவில் வெட்டிய கர்சர். இன்னொரு நூலகத்தின் பயனராக உள்நுழைந்து, முதல் நூலகத்தின் நூல் ஒன்றுகூட வரவில்லை என்று உறுதிசெய்வது. இவை எதிலும் 500 (சர்வரிலேயே பிழை என்ற நிலை எண்) வரவே கூடாது. வந்தால் எங்கோ ஒரு மதிப்பு சோதிக்கப்படாமல் உள்ளே போயிருக்கிறது. ஒரே நேரத்தோடு 50 வரிசைகளை உருவாக்கி, அளவு 7 வைத்துக் கடைசிப் பக்கம் வரை நடந்து, 50 ஐடியும் தலா ஒரு முறை மட்டும் வந்ததா என்று எண்ணும் டெஸ்டைக் கட்டாயம் எழுதுங்கள், பக்கப் பிழைகள் பெரும்பாலும் அதில் மாட்டும்.

வெளியிடும் முன் இரண்டு தடுப்பு. டேட்டாபேஸ் இணைப்பில் ஒரு குவெரி அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று வரம்பு வையுங்கள், போஸ்ட்கிரெஸில் அதற்கு ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது, தேடலுக்கு 2 அல்லது 3 வினாடி போதும். இரண்டாவது, ஒரு பயனர் நிமிடத்துக்கு எத்தனை முறை அழைக்கலாம் என்ற வரம்பு, தாண்டினால் 429ஓடு, எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் சொல்லி அனுப்புங்கள். வெளியிட்ட முதல் வாரம் 400 பதில்களின் லாகைத் தினமும் படியுங்கள். ஒரே தவறைப் பலர் செய்தால் பாராமீட்டரின் பெயரோ ஆவணமோ குழப்பமாக இருக்கிறது என்று பொருள், பயன்படுத்துபவர்கள் குறைவாக இருக்கும் அந்த வாரத்திலேயே பெயரை மாற்றிவிடுவது நல்லது.